நாலாவது குருவி

…அப்படியென்றால் நான் என்னதான் சொல்வது, முன்னுக்கு நில் என்றா, உள்ளுக்கு இரு என்றா, உடப்பு ஊரில் இத்தனை சனம் இருக்க இந்தக் கேள்வியை என் தலையில்தான் கொண்டுவந்து போட வேண்டுமா, காலையில் நான் இன்னும் வாய்கூடக் கொப்பளிக்கவில்லை, கமலம் தண்ணீர் வாளியோடு வந்து முன்னால் நிற்கிறாள், "மச்சாள், நாளைக்குப் பிள்ளைக்குத் தண்ணி வாத்து ஆலாத்தி எடுக்கக்குள்ள நான் முன்னுக்கு நிக்கிறதா, உள்ளுக்கு இருக்கிறதா, நீங்க சொல்றபடி செய்யிறன்" என்கிறாள், சொல்லிவிட்டு வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்கிறாள், வாயில் உமிக்கரியை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்ல, பொழுது படமுன் சொல்கிறேன் என்று கையைக் காட்டி அனுப்பினேன். இப்போது வெயில் பூவரசைத் தாண்டிவிட்டது, மடியில் தோரணத்துக்குக் குருத்தோலை, பக்கத்தில் ஈரச்சாக்கு மூடிய இன்னொரு கட்டு, பதில் மட்டும் வரவில்லை. கமலம் என் தம்பி அருமைநாயகத்தின் பெண்சாதி. நாளைக்குச் சடங்கு அவர்கள் மகள் பாமினிக்கு, பெரியபிள்ளையாகிவிட்டாள். தம்பி மூன்று வருஷமாக இல்லை. இல்லை என்றால்… வீட்டில் இல்லை, அவ்வளவுதான் தெரியும், செத்தான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. புருஷன் உள்ளவள் என்றால் மகளுக்கு முன்னால் நின்று ஆலாத்தி எடுக்கலாம், தாலி அறுத்தவள் என்றால் அறைக்குள் இருக்க வேண்டும், இது நான் போட்ட சட்டமில்லை, எனக்குப் பிடித்த சட்டமும் இல்லை, ஆனால் கமலத்தைப் பார்த்து உள்ளுக்கு இரு என்று நான் சொன்னால் என் தம்பியை என் வாயாலேயே சாகக் கொடுத்ததாகிவிடும். முன்னுக்கு நில் என்று சொன்னால், சொல்லும்போது என் முகம் நம்ப வேண்டுமே, அவள் என் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஓலையைப் பிடி, ஈர்க்கிலிருந்து கிழி, நகத்தால் கீறு, கீறலுக்குள் மடிப்பை நுழை, இழு, ஒரு குருவி. மறுபடி கீறு, நுழை, இழு, இரண்டாவது குருவி… கைக்கு இது பாடம், கையை அதன் பாட்டில் விட்டுவிட்டு மனம் எங்கேயும் போகலாம், அதுதான் கரைச்சல், இந்தக் குருத்தோலை வாசம் மூக்கில் ஏறினால் போதும், ஆச்சி வந்துவிடுவாள். செல்லாச்சி, என் அம்மாவைப் பெற்றவள், தம்பியைப் பெற்ற கையோடு அம்மா கண்ணை மூட, அப்பா சிலாபத்தில் வேறு குடித்தனம் பண்ணிக்கொள்ள, எங்கள் இரண்டு பேரையும் இழுத்துப் பிடித்து வளர்த்தவள். வளர்த்தவள் என்றால் மடியில் போட்டுத் தாலாட்டினாள் என்று நினைக்க வேண்டாம், வாயைத் திறந்தால் வெற்றிலைச் சாறும் வசவும்தான், நாசமாப் போறதுகளே என்றுதான் சாப்பிடவே கூப்பிடுவாள். ஆனால் அந்தக் கை… கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான் என்று இந்த வீட்டுக்குள் ஒன்று வந்ததில்லை, ஓலையில் பாம்பு, ஓலையில் மணிக்கூடு, ஓலையில் மூக்குக்கண்ணாடி, புன்னைக்கொட்டையில் பம்பரம், கரைவலையில் மீனோடு வந்து விழும் சிப்பியையும் சோகியையும் கழுவி ஓட்டை போட்டு நூலில் கோத்து வாசலில் தொங்கவிட்டாள், காற்றுக்கு இன்னும் கிலுகிலுவென்று அடித்துக்கொண்டிருக்கிறது, கேட்டால் அழகுக்கு இல்லை, ஆர் உள்ளுக்கு வாறதெண்டு எனக்குத் தெரியவேணும் என்பாள். சொல்லித் தந்தாளா என்றால் அதுவும் கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பிழையாக மடித்தால் புறங்கையில் ஒரு அடி, ஏன் பிழை என்று கேட்டால் இன்னொரு அடி. சின்ன வயதில் என் புறங்கை எப்போதும் சிவந்துதான் இருக்கும்.

ஒன்றே ஒன்றைத்தான் வாயால் சொன்னாள், அதையும் விரலை நீட்டிக்கொண்டு, நல்ல காரியத்துத் தோரணத்தில் நாலு குருவி, தலை மேலே பார்க்க வேண்டும், செத்த வீட்டுத் தோரணத்தில் மூன்றுதான், தலை கீழே, "இதில பிழை விட்டியோ, கைய முறிச்சு அடுப்பில வைப்பன்". தம்பி அப்போது கதைக்கத் தொடங்கிய புதிது, எதற்கெடுத்தாலும் கேள்வி, "அப்ப நாலாவது குருவி எங்க ஆச்சி போச்சு?" என்று கேட்டான். ஆச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "செத்தவரோட போச்சு, வாயப் பொத்து" என்றாள். அவன் வாயைப் பொத்தவில்லை, அழத் தொடங்கிவிட்டான், குருவி சாகவில்லையே, அதை ஏன் அவரோடு அனுப்பினீங்கள் என்று… அவன் அப்படித்தான், கரையில் ஒரு சின்னத் திருக்கை துடித்தால் அழுவான், ஆட்டுக்குட்டியை விற்றால் அழுவான், நான் அடித்தாலும் அழுவான், அடிக்காமல் கோபமாக இருந்தாலும் அழுவான். அந்த அழுகையை நிறுத்தத்தான் ஆச்சி ஓலையில் கிளி செய்தாள், கழுத்தைத் திருப்பினால் திரும்பும் கிளி, அதை எப்படி மடிப்பது என்று அவனுக்கு மட்டும் காட்டினாள், நான் எட்டிப் பார்த்ததற்கு, "நீ என்ன அழுறியா, உனக்கென்னத்துக்குக் கிளி" என்று என்னைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டாள். நாற்பது வயது தாண்டிவிட்டது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இந்தக் குருவியின் தலை சரிந்துவிட்டது, அவிழ், திரும்ப மடி… எங்கே விட்டேன், கிளி, கிளி அவனோடு போய்விட்டது. மீன் லொறியில் போனான். வழமையாகப் போகிறதுதான், பின்னேரம் ஐஸ் போட்டுப் பெட்டி ஏற்றினால் விடியக் கொழும்புச் சந்தை, மத்தியானம் வீடு, சிலாபத்து வின்சன்ட் ஓட்டுவான், இவன் பக்கத்தில் இருந்து நித்திரை வராமல் பாட்டுப் பாடிக்கொண்டு போவான். கொழும்பில் குண்டு வெடித்த கிழமை அது, போகாதே என்று நான் சொன்னேன், "குண்டு வெடிச்சதெண்டு மீனுக்குத் தெரியுமா அக்கா, அது நாறுமே" என்று சிரித்தான், அதுதான் கடைசியாக என்னோடு கதைத்தது, மீன் நாறும் என்று, ஒரு மனிதன் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தையா இது. அடுத்த நாள் லொறி வந்து நின்றது, வின்சன்ட் இறங்கினான், மற்றப் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன், நித்திரையாகிவிட்டான் போல என்றுகூட நினைத்தேன். "செக்பொயின்ற்றில ஆமிக்காரங்க அடையாள அட்டையப் பாத்திட்டு நாயகத்த மட்டும் இறக்கினவங்க அக்கா, விசாரிச்சிட்டு விடுறம் நீ போ எண்டாங்க, நான் ரோட்டோரம் நிப்பாட்டிக்கொண்டு நிண்டன், பிறகு துவக்கக் காட்டி என்னையும் விரட்டிப்போட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி வின்சன்ட் நிலத்தில் குந்திவிட்டான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இன்றைக்கும் இந்த வழியால் போனால் வாசல் படலையில் லொறியை நிறுத்தாமல் போக மாட்டான். பிறகு பொலிஸ், முகாம் என்று நாங்கள் ஏறாத படியில்லை, எல்லா வாசலிலும் ஒரே பதில், இங்கே அப்படி ஒருவரைக் கொண்டுவரவில்லை. லொறியில் இருந்து இறங்கியவன் அப்போது எங்கேதான் போனான்?

அன்றைக்கே ஊர்ச்சனம் வந்து முற்றத்தில் குந்திவிட்டது, பெண்கள் கொண்டையை அவிழ்த்து அழ ஆயத்தம், ஆச்சி விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள், "ஆர் செத்தது, என்ர வீட்டில ஆர் செத்தது, எழும்புங்கடி!" என்று ஒரு சத்தம், ஒருத்தி மிச்சமில்லாமல் எல்லாரும் எழும்பிப் போய்விட்டார்கள். எங்களையும் அழ விடவில்லை. மறுநாள் விடியத் தொடங்கியதுதான் அந்தப் பொட்டு, கிணற்றடியில் முகம் கழுவி வரும் கமலத்தைப் படலைக்கு முதுகு காட்டி நிறுத்துவாள், குங்குமச் சிமிழைத் திறந்து, விரலைத் தண்ணீரில் தொட்டு, நெற்றியில் பெரிதாக, அழுத்தி, தன் கையாலேயே வைப்பாள், "அவன் வாற வரைக்கும் நான் வைப்பன், ஆரும் கேட்டா செல்லாச்சி வச்சதெண்டு சொல்லு". ஒருவரும் கேட்கவில்லை, ஆச்சியிடம் வந்து கேட்கிற வாய் இந்த ஊரில் யாருக்கு இருந்தது. கண்ணில் பூ விழுந்து பாதி தெரியாத காலத்திலும் தடவித் தடவி வைத்தாள். வைக்கும்போது ஆச்சி கமலத்தின் முகத்தைப் பார்க்க மாட்டாள், அவள் தோளுக்கு மேலால் படலையைத்தான் பார்த்தபடி நிற்பாள், நான் குசினி வாசலில் நின்று இதைப் பார்ப்பேன், கிழவி இன்னும் வழி பார்க்கிறாள், இப்போதே அவன் படலையைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவான் என்று நிற்கிறாள், கிழவிக்கு உள்ளே ஏதோ தெரிந்திருக்கிறது… அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஒரு தைரியம். ஆச்சி நம்பினாள், அதனால் நான் நம்பினேன், நான் நம்பியதால் கமலம் நம்பினாள், அப்படித்தான் அந்த இரண்டு வருஷமும் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

பிறகு ஆச்சியும் போய்விட்டாள். ஒரு மழை நாள், காலையில் பொட்டு வைத்துவிட்டுப் படுத்தவள் எழும்பவில்லை, ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது, இன்னும் என்னவோ பின் வளவில் இருந்து திட்டுகிற சத்தம் கேட்கிறது போலத்தான் இருக்கிறது… செத்த வீட்டுக்குத் தோரணம் வேண்டுமே, ஆண்கள் பாடை கட்டப் போய்விட்டார்கள், மடிக்க நானும் கமலமும்தான், கமலம் முன்னேஸ்வரத்துப் பெண், எங்கட பக்கம் கோயில் ஆட்கள் வந்து கட்டுவாங்க, நாங்க ஓலை தொட்டதில்லை என்றாள், நான் ஒரு வார்த்தை பேசாமல் அவள் முன்னால் ஒன்றை மடித்துக் காட்டினேன், பார்த்தாள், மடித்தாள், சரியாக வந்தது, அப்படி இரண்டு பேரும் வாய் திறக்காமல் ஒரு குவியல் மடித்தோம். அதுவரைக்கும் நாங்கள் அழவில்லை. பிறகு பறை கேட்டதும் வந்த அழுகை இருக்கிறதே… எண்பது தாண்டிய கிழவி, பாயில் கிடந்து சீரழியாமல் போனவள், அதற்கென்று ஒரு அளவான அழுகை உண்டு, நாங்கள் அழுதது அப்படி இல்லை, கமலம் மண்ணில் விழுந்து புரண்டாள், நான் நெஞ்சில் அடித்த அடியில் பிறகு எத்தனையோ நாள் கையைத் தூக்க முடியவில்லை, வாயில் என்ன வந்தது என்று எனக்கே தெரியாது, "கரைக்கு வாற தோணியெல்லாம் காத்திருந்து பாத்தேனே, நீ வாற தோணிய நான் காணலையே என் ராசா" என்று நான் எடுக்க, சுற்றிக் கட்டிப்பிடித்திருந்த பெண்கள் எல்லாம் ராசா ராசா என்று சேர்ந்து அழுதார்களாம். ஆச்சி நடுவில் கிடக்கிறாள், நாங்கள் ராசா என்று அழுகிறோம்.

அழுதார்களாம் என்று சொல்கிறேன், ஏனென்றால் இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும், கொஞ்சம் முன் பக்கத்து வீட்டு ராசம்மாக்கா சடங்குக்கென்று பலகாரம் பொரிக்கிற பெரிய தாச்சியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள், தாச்சி ஒரு சாட்டு, வந்தது வேறு கதைக்கு. "துரோபதை, நாளைக்குக் கமலத்த முன்னுக்கு விடப்போறியா?" என்று தொடங்கினாள். விட்டா என்ன என்றேன். "கோவிக்காத பிள்ளை, உன்ர ஆச்சிர செத்த வீட்டில நீ ராசா ராசா எண்டு அழுதது ஊருக்கே கேட்டது, நாங்களும் அப்பிடித்தான் அழுதம், அண்டைக்கே நாயகத்தையும் சேத்து அனுப்பிப்போட்டமெண்டு எல்லாருக்கும் தெரியும், உனக்குத்தான் தெரியாது போல" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்கட மனுசன் கள்ளுத் தவறணையே கதியெண்டு கிடக்கக்குள்ள நீங்க எத்தினை ஆலாத்தி எடுத்திருக்கிறீங்க, அதெல்லாம் நாங்க கேட்டமா" என்று கொடுத்தேன், ராசம்மாக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், தாச்சியை விட்டுவிட்டுத்தான் போனாள், நல்ல மனுசிதான். ஆனால் சொல்லை எடுத்துக்கொண்டு போகவில்லை. அது இங்கேயே கிடக்கிறது, அண்டைக்கே அனுப்பிப்போட்டம், அண்டைக்கே… அப்போது நான் ஆச்சிக்கு அழவேயில்லையா? என்னை வளர்த்தவளுக்கு, என் புறங்கையைச் சிவக்கவைத்து என்னை ஆளாக்கியவளுக்கு, ஒரு சொட்டுக்கூடவா? அவளைச் சாட்டாக வைத்துக்கொண்டு, அவளே அழக்கூடாது என்று மறித்திருந்த அழுகையை அவள் முன்னாலேயே அழுது தீர்த்திருக்கிறேன், அவள் விளக்குமாற்றோடு எழும்பி வரமாட்டாள் என்ற துணிவில். நினைக்க நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆச்சி, உன்னை நினைத்தால் எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

"மாமி," என்று உள்ளே இருந்து பாமினி, வெள்ளை கட்டி மறைத்த மூலையில் இருக்கிறவள், வெளியே வரக்கூடாது, வாய்க்கு மட்டும் மறைப்பில்லை. "ஓலை மணக்குது மாமி, எனக்கு ஒரு கிளி மடிச்சுத் தாங்களன்." எனக்குக் கிளி வராது என்றேன். "அப்பாக்கு வருமே." ஓம், அப்பாக்கு வரும். வரும் என்றுதான் சொன்னேன், வந்தது என்று சொல்ல நாக்குத் திரும்பவில்லை. "நான் பாத்திருக்கிறன் மாமி, உடம்பு, செட்டை எல்லாம் எனக்கு வரும், கழுத்துத் திரும்புறது மட்டும் மறந்துபோச்சு." வாசலில் சிப்பி அடித்தது. பிறகு மெல்ல, "அம்மா நாளைக்கு எனக்கு ஆலாத்தி எடுப்பாவா?" என்று கேட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளை, மூலையில் இருந்துகொண்டு அதுவும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது, ராசம்மாக்கா சொன்னது முழுவதும் காதில் விழுந்திருக்கும், மெல்லக் கதைக்கிற வழக்கம் இந்த ஊரில் யாருக்கு இருக்கிறது. "பெரியபிள்ளை இவ்வளவு கதைக்கக் கூடாது, வாயப் பொத்திக்கொண்டு இரு" என்றேன், சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று விளங்கியது.

ஓலை, ஈர்க்கு, கீறல், குருவி… தோரணத்துக்கு இன்னும் பாதி வேண்டும், வெயில் இறங்குகிறது, கமலம் வருகிறாள். கையில் கடகம். பகல் முழுக்கப் பின் வளவில் இருந்து மடித்திருக்கிறாள், எனக்குச் சொல்லாமல், எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று, முகம் எல்லாம் வியர்வை, நெற்றியில் அந்தச் சந்தனப் பொட்டு, ஆச்சி போன பிறகு அவளே வைத்துக்கொள்வது, குங்குமமும் இல்லை, வெறும் நெற்றியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு பொட்டு, அதைப் பற்றி நான் ஒருநாளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "இந்தாங்க மச்சாள், இவ்வளவும் மடிச்சிட்டன், கயிறில கோக்கிறது மட்டும்தான்" என்று கடகத்தை இறக்கினாள். ஒன்றை எடுத்தேன், என்ன வடிவான மடிப்பு, என்னுடையதைவிட இறுக்கம், வால் ஒரே அளவு, குருவி ஒன்று, இரண்டு, மூன்று… நாலாவது இல்லை. தலை கீழே. அடுத்ததை எடுத்தேன், மூன்று. அடியில் கையை விட்டு ஒன்றை இழுத்தேன், மூன்று. கடகம் நிறையச் செத்த வீட்டுத் தோரணம், என் தம்பியின் மகளுடைய சடங்குக்கு. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் அவள் புறங்கையில் ஒரு அடி வைத்துவிட்டேன், "என்னடி இது, என்னடி செய்து வச்சிருக்கிறாய்!" அவள் திகைத்துப் போய், "ஏன் மச்சாள், பிழையா, ஆச்சிர செத்த வீட்டில நீங்கதானே காட்டித் தந்தீங்க" என்றாள். அது செத்த வீட்டுக்கடி, நல்லதுக்கு நாலு, மேலே பார்க்க வேண்டும், கோயில் வாசலில் பிறந்த உனக்கு இதுகூடத் தெரியாதா என்று நான் கத்துகிறேன், அவள் கையைத் தடவிக்கொண்டு, அழாமல், சத்தம் உயர்த்தாமல், "எனக்கு அது ஒண்டுதான் தெரியும் மச்சாள்" என்றாள்.

எனக்கு அது ஒன்றுதான் தெரியும்… உண்மைதானே, அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் மடித்துக் காட்டியது நான், இது கெட்டதுக்கு மட்டும் என்று சொல்லாமல் விட்டதும் நான், செத்த வீட்டில் யார் அதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? ஆனால் முன்னேஸ்வரத்தில் பிறந்தவள், திருவிழாவும் கல்யாணமும் பார்த்து வளர்ந்தவள், தோரணம் எப்போதாவது கீழே பார்த்துத் தொங்கியதைக் கண்டிருப்பாளா, கண்ணில் படாமலா போயிருக்கும்? தெரியாமல் மடித்தாளா? இல்லை, காலையில் என்னிடம் கேள்வியை விட்டுவிட்டு, பதிலை அவளே பின் வளவில் இருந்து மடித்துக்கொண்டிருந்தாளா, நீங்கள் சொல்ல மாட்டீங்கள் மச்சாள், நானே சொல்கிறேன் என்று? முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை, களைத்துப் போன முகம், அவ்வளவுதான். மூன்றை நாலாக்கவும் முடியாது, நாலாவது குருவிக்குரிய ஓலையைக் கிழித்து எறிந்துவிட்டுத்தான் மூன்றை மடிக்கிறோம். "ஆட்டுக்குப் போடு" என்றேன். கமலம் கடகத்தைக் கொண்டுபோய் வேலியோரம் கட்டியிருந்த ஆட்டின் முன்னால் கொட்டினாள், அது பாட்டில் குருவிகளை மென்றுகொண்டிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவளைப் பக்கத்தில் இருத்தி, "இஞ்ச பார், இது ஒண்டு, இது ரெண்டு, இது மூண்டு, இப்ப நிப்பாட்டாத, இதை இப்பிடிக் கொண்டுவந்து, நாலு, இனித் தலையை மேல திருப்பு" என்று வாயாலேயே சொல்லிக் காட்டினேன், ஆச்சி கேட்டிருந்தால் என்னடி பள்ளிக்கூடமா நடத்திறாய் என்று கேட்டிருப்பாள். கமலத்துக்கு உடனே வந்துவிட்டது. மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், "அப்ப நாளைக்கு?" என்று கேட்டாள்.

உள்ளே பாமினி மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். நான் எழும்பிப் போனேன், சாமித் தட்டில் ஆச்சியின் சிமிழ், திறந்து ஒரு வருஷத்துக்கு மேல், குங்குமம் கட்டிபட்டுக் கிடந்தது, நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்தேன், "எழும்பி இஞ்ச வா" என்று கமலத்தைக் கூப்பிட்டு, தோளைப் பிடித்து, படலைக்கு முதுகு காட்டி நிறுத்தினேன். அவளுக்கு விளங்கிவிட்டது, நான் முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தேன், வாளித் தண்ணீரில் விரலைத் தொட்டேன், "முன்னுக்குத்தான் நிக்கிறாய், நீதான் பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிறாய், ஆரும் கேட்டா துரோபதை வச்சதெண்டு சொல்லு" என்றேன். உள்ளே சட்டென்று ஒரு விம்மல், பாமினிதான், உடனே அடக்கிக்கொண்டது. குங்குமத்தை வைத்தேன், பெரிதாக, அழுத்தி, வட்டமாகத் தேய்த்து… கையை எடுக்கும்போதுதான் கண்டேன், நான் கமலத்தின் முகத்தைப் பார்க்கவேயில்லை, அவள் தோளுக்கு மேலால் படலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். படலையில் ஒருவரும் இல்லை. ஒருவர் வருவார் என்று நான் பார்க்கவும் இல்லை, கமலத்தின் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை, கண் போவதற்கு வேறு இடம் அங்கே இருக்கவில்லை, அதுதான். அப்படியென்றால் அந்த இரண்டு வருஷமும், ஒவ்வொரு விடியலும், நீயும் இப்படித்தான் நின்றாயா, பூ விழுந்த கண்ணுக்குப் படலை தெரிந்தே இருக்காதே, ஆச்சி… குசினி வாசலில் நின்று நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

"என்ன மச்சாள், கோணலாப் போச்சா?" என்று கமலம் கேட்டாள்.

"இல்ல, நேராத்தான் இருக்கு" என்றேன், படலையைப் பார்த்தபடியே.